கென்னடி வழக்கு: மாற்றாமல் விட்ட படிவத்தின் விலை 4,02,000 டாலர்

அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவன ஊழியரான வில்லியம் கென்னடிக்கு 1971-இல் திருமணம் ஆனது. 1974-இல் நிறுவனத்தின் சேமிப்பு முதலீட்டுத் திட்டத்தில், தான் இறந்தால் பணம் யாருக்கு என்று சொல்லும் பயனாளிப் படிவத்தில் மனைவியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மனைவிக்கு அடுத்து யார் என்று எந்தப் பெயரையும் சேர்க்கவில்லை. 1994-இல் விவாகரத்து ஆனது. கணவரின் வேலை வழியாக வரும் ஓய்வூதியம், சேமிப்புத் திட்டம் எதன்மீதும் மனைவிக்கு இனி உரிமையோ பாத்தியதையோ இல்லை என்று விவாகரத்து ஆணையில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

விவாகரத்துக்குப் பிறகு கென்னடி சும்மா இருந்துவிடவில்லை என்பதுதான் இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது. டுபாண்டின் இன்னொரு திட்டமான ஓய்வூதியத் திட்டத்துக்குப் புதுப் படிவம் போட்டு, மகளைப் பயனாளி ஆக்கினார். சேமிப்புத் திட்டத்தின் 1974 படிவம் மட்டும் அப்படியே கிடந்தது. 1998-இல் ஓய்வு பெற்றபோதும் அதை மாற்றவில்லை. 2001-இல் இறந்துபோனார்.

மகள்தான் சொத்தின் நிர்வாகி. சேமிப்புத் திட்டத்தில் இருந்த பணத்தைத் தந்தையின் சொத்துக் கணக்கில் சேர்க்கும்படி டுபாண்டிடம் கேட்டார். நிறுவனம் கோப்பில் இருந்த படிவத்தைப் பார்த்தது. அதில் இருந்த பெயருக்கே, அதாவது முன்னாள் மனைவிக்கே, சுமார் 4,02,000 டாலரைக் கொடுத்தது.

மூன்று நீதிமன்றங்கள், மூன்று காரணங்கள்

மகள் வழக்குத் தொடுத்தார். டெக்சஸ் கிழக்குக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஓய்வூதியப் பலனை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதை எரிஸா தடை செய்கிறது, விவாகரத்து ஆணையில் மனைவி விட்டுக்கொடுத்ததும் அந்தத் தடைக்குள்தான் வரும் என்பது அதன் வாதம். எரிஸா என்பது தனியார் நிறுவன ஊழியர்களின் ஓய்வூதிய, காப்பீட்டுத் திட்டங்களை ஆளும் கூட்டாட்சிச் சட்டம். கென்னடி கையெழுத்திட்ட அதே 1974-இல் வந்தது.

2009 ஜனவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி சூட்டர். ஐந்தாவது வட்டத்தின் காரணத்தை அவர் ஏற்கவில்லை. மனைவி உரிமையை விட்டுக்கொடுத்தது செல்லும், எரிஸா அதைத் தடுக்கவில்லை என்றார். ஆனாலும் மகளுக்குப் பணம் கிடைக்கவில்லை. விட்டுக்கொடுத்தது செல்லுமா செல்லாதா என்று ஆராய்வது திட்ட நிர்வாகியின் வேலையே இல்லை. திட்டத்தின் சொந்த ஆவணங்கள் என்ன சொல்கின்றனவோ அதன்படி பணம் தருவதே அவர் கடமை. ஆவணம் முன்னாள் மனைவியைக் காட்டியது, அவருக்குத் தந்தது சரி என்று முடித்தார்.

இதைக் கேட்டதும் பலருக்கு அநியாயமாகத் தோன்றும். நிர்வாகியின் இடத்தில் இருந்து பார்த்தால் வேறுவிதமாகத் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், ஒவ்வொரு மரணத்திலும் ஏதோ ஒரு மாநிலக் குடும்ப நீதிமன்றத்தின் ஆணையைத் தேடிப் பிடித்து, அதன் வாசகத்துக்குப் பொருள் கண்டு, வாரிசுகளின் சண்டையைத் தீர்த்துவைத்த பிறகே பணம் தர வேண்டும் என்றால் எந்தத் திட்டமும் நடக்காது. டுபாண்ட் திட்டத்திலோ பயனாளியை மாற்றுவதற்கு எளிய வழி இருந்தது, ஒரு படிவம் போதும். முன்னாள் மனைவியே பணம் வேண்டாம் என்று திட்டம் சொல்லும் முறையில் மறுத்து எழுதிக்கொடுக்கவும் வழி இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

தீர்ப்பு ஒரு கேள்வியைத் திறந்தே விட்டது. பணம் முன்னாள் மனைவியின் கைக்குப் போனபின், "நீதான் விட்டுக்கொடுத்தாயே" என்று அவர்மேல் வழக்குப் போட்டு மீட்கலாமா? பிற்பாடு மூன்றாவது வட்ட நீதிமன்றம் 2012-இலும், நான்காவது வட்ட நீதிமன்றம் 2013-இலும் போடலாம் என்றன. ஆகவே கதவு முழுக்க மூடவில்லை. ஆனால் அந்த வழக்கு ஜெயிக்க, விவாகரத்து ஆணையில் விட்டுக்கொடுக்கும் வாசகம் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். பணமும் அதற்குள் செலவாகாமல் இருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் தனி.

அதே தவறு, வேறு சட்டம், வேறு முடிவு

விவாகரத்து ஆனதும் முன்னாள் துணையின் பெயர் சட்டப்படி தானாகவே நீங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கை பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. எந்தப் பணத்துக்கு உண்மை, எதற்கு இல்லை என்பதை மூன்று உச்ச நீதிமன்ற வழக்குகளை அருகருகே வைத்தால் பிடித்துவிடலாம்.

எகல்ஹாஃப் வழக்கு, 2001. வாஷிங்டன் மாநிலத்தில் போயிங் ஊழியர் ஒருவர், நிறுவனம் தந்த ஆயுள் காப்பீட்டில் மனைவியைப் பயனாளியாக வைத்திருந்தார். 1994 ஏப்ரலில் விவாகரத்து; இரண்டு மாதம் கடந்த சில நாளில் கார் விபத்தில் சிக்கி உயில் எழுதாமலே இறந்தார். காப்பீட்டுத் தொகை 46,000 டாலர் முன்னாள் மனைவிக்குப் போனது. விவாகரத்து ஆனால் பயனாளிப் பெயர் ரத்தாகும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் அதை வைத்து மாநில உச்ச நீதிமன்றம்வரை ஜெயித்தார்கள். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் கவிழ்த்தது: எரிஸா திட்டங்களின் மேல் மாநிலச் சட்டம் கைவைக்க முடியாது.

ஹில்மன் வழக்கு, 2013. கூட்டாட்சி அரசு ஊழியர் ஒருவர் 1996-இல் ஃபெக்லி எனப்படும் அரசு ஊழியர் ஆயுள் காப்பீட்டில் அப்போதைய மனைவியின் பெயரை எழுதினார். 1998-இல் விவாகரத்து, 2002-இல் மறுமணம், 2008-இல் மரணம். 1,24,558 டாலர் முன்னாள் மனைவிக்குப் போனது. காப்பீட்டு நிறுவனம் யாருக்குக் கொடுத்தாலும் சரி, வாங்கிய முன்னாள் துணை அதை உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வர்ஜீனியா மாநிலம் சாமர்த்தியமாக ஒரு சட்டம் செய்து வைத்திருந்தது. அதுவும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஃபெக்லி பணத்தில், பிற்பாடு மீட்டுக்கொள்ளலாம் என்று இந்த மாநிலச் சட்டம் காட்டிய வழியும் அடைபட்டுப்போனது.

ஸ்வீன் வழக்கு, 2018. இது தனியாக வாங்கிய காப்பீடு, வேலையோடு தொடர்பில்லை. 1998-இல் பாலிசி, மனைவி முதல் பயனாளி, முந்தைய உறவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் அடுத்த நிலைப் பயனாளிகள். 2007-இல் விவாகரத்து, 2011-இல் மரணம், தொகை 1,80,000 டாலர். மின்னசோட்டாவின் தானாக ரத்தாகும் சட்டம் பாலிசி வாங்கிய பிறகுதான், 2002-இல், நடைமுறைக்கு வந்தது. பழைய பாலிசிக்கும் அது செல்லும் என்று 8-1 கணக்கில் தீர்ப்பானது. பணம் பிள்ளைகளுக்குப் போனது. முன்னாள் மனைவியோ, விவாகரத்துக்குப் பின்னும் ஒருவர் பெயரை ஒருவர் வைத்துக்கொள்வதாகப் பேசி முடிவு செய்திருந்தோம் என்றார். பேச்சு எடுபடவில்லை.

ஆக, விவாகரத்தானவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என் உயிலில் என்ன இருக்கிறது" என்பதில்லை. ஒவ்வொரு கணக்கையும் எடுத்து, "இதை ஆள்வது கூட்டாட்சிச் சட்டமா, மாநிலச் சட்டமா" என்று கேட்க வேண்டும். தனியார் நிறுவனத்தின் 401கே (வேலை வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு), ஓய்வூதியம், குழுக் காப்பீடு ஆகியவற்றுக்கு எரிஸா. அரசு ஊழியருக்கு ஃபெக்லி, ஓய்வுக்காலச் சேமிப்பான டி.எஸ்.பி.; படைவீரருக்கு ஆயுள் காப்பீடான எஸ்.ஜி.எல்.ஐ. இவை எல்லாவற்றிலும் படிவத்தில் உள்ள பெயரே பேசும். தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பான ஐ.ஆர்.ஏ., தனிக் காப்பீடு, வங்கியில் இறப்புக்குப் பின் இன்னாருக்கு என்று எழுதிய கணக்கு, பங்குக் கணக்கு ஆகியவற்றுக்கு மாநிலச் சட்டம். ஸ்வீன் தீர்ப்பு வந்த நேரத்தில் மின்னசோட்டாவைப் போன்ற சட்டம் 26 மாநிலங்களில் இருந்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பாதுகாப்பும் மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்த எந்தப் பட்டியலிலும் உயிலுக்கு வேலை இல்லை. பயனாளிப் பெயர் உள்ள கணக்கு உயிலுக்குள் வராது. பெயர் உள்ளவர் அந்தப் பணத்தின் சொந்தக்காரர். வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் என்று நினைக்க வேண்டாம்.

வழக்கு நடக்கும்போது எதைத் தொடலாம்

விவாகரத்து மனு போட்ட அன்றே எல்லாப் பெயரையும் மாற்றக் கை துறுதுறுக்கும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மனு போட்டு அழைப்பாணை கொடுத்தவுடனே ஒரு தடையுத்தரவு தானாக வந்துவிடும். காப்பீட்டின் பயனாளியை மாற்றுவது, காப்பீட்டை ரத்துசெய்வது எல்லாம் அதன்படி குற்றம். புது உயில் எழுதலாம். எதிர்த் தரப்புக்கு முறையாக அறிவித்துவிட்டு, கூட்டுப் பட்டாவில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுவதும் என்ற உரிமையை முறிக்கலாம்.

401கே-யில் தடையுத்தரவு இல்லாமலே கை கட்டப்பட்டிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை அவர் உங்கள் துணைதான். துணை எழுத்துமூலம் சம்மதித்து, அதை நோட்டரியோ திட்டப் பிரதிநிதியோ சாட்சியாகக் கண்டிருந்தால் தவிர, பெரும்பாலான 401கே திட்டங்களில் முழுத் தொகையும் துணைக்கே போகும். சில திட்டங்கள் இதற்குத் திருமணமாகி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கும். எனவே வழக்கு நடக்கும்போது மகன் பெயரில் போட்ட படிவத்தை நம்ப வேண்டாம். தீர்ப்பு கையெழுத்தான மறுநாள் புதிதாக ஒன்று போடுங்கள். எகல்ஹாஃப் வழக்கில் கிடைத்த அவகாசம் இரண்டு மாதம் சொச்சம்தான்.

இந்தக் கட்டத்தில் தயங்காமல் மாற்ற வேண்டியவை இரண்டு: மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரம் தந்த பத்திரம், பணவிஷயங்களுக்கான பவர் பத்திரம். சீரான பவர் சட்டத்தை (மாநிலங்கள் விரும்பி ஏற்கும் பொது மாதிரிச் சட்டம்) ஏற்ற மாநிலங்களில், மனு தாக்கலானதுமே துணைக்குத் தந்த பவர் முடிந்துவிடும். ஆனால் பழைய நகலை வைத்திருக்கும் வங்கிக்கு அது தெரியாதே. ரத்துக் கடிதத்தை வங்கிக்கும் தரகு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்ட சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு வந்தபின்

படிவத்தைத் தொடும் முன் ஆணையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். குழந்தைப் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக இன்ன தொகைக்கு ஆயுள் காப்பீடு வைத்து, முன்னாள் துணையையோ ஓர் அறக்கட்டளையையோ பயனாளியாக வைக்க வேண்டும் என்று ஆணை சொல்லியிருக்கலாம். அதை மீறிப் பெயரை மாற்றினால் நீதிமன்ற அவமதிப்பு. வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், அதே பெயரை விவாகரத்துத் தேதிக்குப் பின் மறுபடி எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் தானாக ரத்தாகும் சட்டம் அந்தப் பெயரையும் அடித்துவிடும். நல்லுறவோடு பிரிந்தவர்கள் இடறுவது இங்கேதான்.

401கே-யில் முன்னாள் துணைக்குப் பங்கு உண்டென்று ஆணை சொன்னால், ஆணை மட்டும் போதாது. க்யூ.டி.ஆர்.ஓ. என்ற தனி உத்தரவு வேண்டும். அதில் இருவரின் பெயரும் தபால் முகவரியும், தொகை அல்லது விழுக்காடு அல்லது கணக்கிடும் முறை, எத்தனை தவணை அல்லது எந்தக் காலத்துக்கு, எந்தத் திட்டம் என்பவை இருக்க வேண்டும். திட்டம் தராத ஒரு பலனைத் தரச்சொல்லக் கூடாது. "கணவரின் ஓய்வூதியக் கணக்குகள் அனைத்திலும் பாதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிர்வாகி திருப்பி அனுப்பிவிடுவார். திட்டத்திடமே மாதிரி உத்தரவு கேட்டு வாங்கி, வரைவை நீதிபதியிடம் கொண்டுபோகும் முன் நிர்வாகியிடம் காட்டி ஒப்புதல் பெறுவதுதான் கெட்டிக்காரத்தனம். உத்தரவு தகுதியானதா என்று நிர்வாகி ஆராயும்போது அந்தப் பங்கைத் தனியே ஒதுக்கி வைப்பார். 18 மாதத்துக்குள் தீராவிட்டால் ஒதுக்கிய பணத்தைப் பழையபடி உரியவருக்கே தந்துவிடுவார். இந்த உத்தரவின்படி முன்னாள் துணை நேரடியாகத் திட்டத்திலிருந்து பணம் எடுத்தால், வயது குறைவாக இருந்தாலும் 10 விழுக்காடு அபராத வரி இல்லை.

ஐ.ஆர்.ஏ.-வுக்கு இந்த உத்தரவு தேவையில்லை. விவாகரத்து ஆணையைக் காட்டிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக மாற்ற வேண்டும். பணமாக எடுத்துக் கொடுத்தால், எடுத்தவருக்கு வரி. 59½ வயதுக்குக் கீழே என்றால் அபராதமும் அவருக்கே.

அரசு ஊழியருக்கு ஃபெக்லி படிவத்தின் எண் எஸ்.எஃப். 2823. டி.எஸ்.பி., ஓய்வூதியம், சம்பள பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம். ஃபெக்லி பற்றி நீதிமன்ற ஆணை இருந்தால், அதன் சான்றளிக்கப்பட்ட நகல் ஊழியர் உயிரோடு இருக்கும்போதே அவர் பணிபுரியும் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேசை டிராயரில் இருந்தால் பயனில்லை.

எல்லோரும் மறக்கும் கணக்குகள் சில உண்டு. பழைய நிறுவனத்தில் விட்டுவந்த 401கே முதலிடம். அடுத்தது மருத்துவச் சேமிப்புக் கணக்கான எச்.எஸ்.ஏ. இதன் பயனாளியாக முன்னாள் துணையின் பெயர் இருந்தால், மணமுறிவுக்குப் பின் அவர் துணை என்ற தகுதியில் வரமாட்டார். உரிமையாளர் இறந்த ஆண்டில் முழு மதிப்பும் அவருக்கு வருமானமாகி வரி விழும். பிள்ளைகளின் படிப்புக்கான 529 கணக்கில், உரிமையாளர் இறந்தால் அடுத்த உரிமையாளர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே முன்னாள் துணை இருந்தால் கணக்கே அவர் வசம் போய்விடும்.

வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயர் இருந்தால் பத்திரத்தை மாற்றிப் பதிய வேண்டும். பத்திரத்திலிருந்து பெயரை எடுப்பது கடனிலிருந்து எடுப்பதாகாது. அது தனிப் பேச்சு. விவாகரத்து ஆணையால் வீடு ஒருவர் பெயருக்கு மாறியதைக் காரணம் காட்டி வங்கி முழுக் கடனையும் உடனே கேட்க முடியாது, 1982-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது.

உயிலைப் பொறுத்தவரை பெரும்பாலான மாநிலங்களில் முன்னாள் துணைக்கு எழுதிய பகுதி மட்டும் செல்லாததாகி, அவர் முன்பே இறந்துவிட்டதுபோல் மற்றவை படிக்கப்படும். மாற்று நிறைவேற்றுநராக மைத்துனர் பெயர் இருந்தால் அது எல்லா மாநிலத்திலும் விழாது. சட்டரீதியான பிரிவு மட்டும் ஆகி, விவாகரத்து ஆகாவிட்டால் பொதுவாக எதுவும் ரத்தாகாது. (அதே நபரை மறுபடி மணந்தால் ரத்தான பகுதிகள் உயிர்பெறும் என்று சீரான சொத்துரிமைச் சட்டத் தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள்.) ஒட்டுப்போடுவதைவிடப் புது உயில் எழுதுவதே மலிவு.

பிள்ளைகள் பெயரை நேராக எழுதுவது

முன்னாள் துணையின் பெயரை அடித்துவிட்டு எட்டு வயது மகளின் பெயரை எழுதுவதே பலர் செய்யும் அடுத்த காரியம். பெரிய தொகையைக் காப்பீட்டு நிறுவனம் மைனரின் கையில் தராது. சொத்துக்குக் காப்பாளர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். உயிரோடு இருக்கும் பெற்றோர் அதற்கு முதல் ஆளாக வந்து நிற்பார். யாரிடம் பணம் போகக் கூடாது என்று படிவத்தை மாற்றினீர்களோ அவரே, நீதிமன்ற மேற்பார்வையில்தான் என்றாலும், அதை நிர்வகிப்பார். காப்பாளர் பொறுப்பு முடியும்போது முழுத் தொகையும் ஒரே நாளில் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு வரும்.

வழி இரண்டு. சிறு தொகை என்றால் மைனருக்குச் சொத்து மாற்றித் தருவதற்கான சீரான சட்டத்தின்படி ஒரு பொறுப்பாளரைப் படிவத்திலேயே பெயர் சொல்லி எழுதலாம். பல மாநிலங்களில் 21 வயதுவரை அவர் வைத்திருப்பார். பெரிய தொகைக்கு அறக்கட்டளை. அறங்காவலராக உடன்பிறப்பையோ நம்பகமான நண்பரையோ வைத்து, பயனாளிக் கட்டத்தில் அறக்கட்டளையின் முழுப் பெயரையும் அது கையெழுத்தான தேதியையும் எழுத வேண்டும். அறக்கட்டளையே உருவாகாமல் "என் பிள்ளைகளின் அறக்கட்டளை" என்று மட்டும் எழுதி வைத்தால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்குச் சமம்.

மறுமணம்

கென்னடி வழக்கின் பாடத்தைக் கற்று 401கே-யைப் பிள்ளைகள் பெயரில் மாற்றியவருக்கும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. மறுமணம் ஆனதும் புதுத் துணை எரிஸாவின்படி தானாகவே முன்னுக்கு வருவார். பிள்ளைகள் பெயரில் உள்ள படிவம் பின்னுக்குப் போகும். திருமணத்துக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் "401கே எனக்கு வேண்டாம்" என்று புதுத் துணை எழுதித் தந்திருந்தாலும் எடுபடாது. எழுதிய அன்று அவர் இன்னும் துணை ஆகவில்லை. திருமணம் முடிந்தபின், திட்டத்தின் சொந்தச் சம்மதப் படிவத்தில், நோட்டரி முன்னிலையில் அவர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் "திருமணமான 30 நாளுக்குள் இந்தப் படிவத்தில் கையெழுத்திடுவேன்" என்ற உறுதிமொழியைச் சேர்த்து வைப்பது வழக்கறிஞர்கள் பலரும் செய்வது.

எந்தப் படிவம் போட்டாலும், ஏற்றுக்கொண்டதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரும்வரை வேலை முடியவில்லை. இணையத்தில் பெயரை மாற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் "சமர்ப்பி" அழுத்தாமல் விட்டால் பழைய பெயரே நிற்கும். நிறுவனம் கணக்குகளை கணக்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் பயனாளி விவரம் கூடவே போயிற்றா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கோப்பில் இன்று பயனாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதைத் தேதியுடன் ஒரு பக்கமாக அச்சிட்டு வாங்கி, உயிலோடு சேர்த்து வையுங்கள்.